டேங்கில் காற்றடைப்பு: வண்டி நின்ற இடத்திலேயே கண்டுபிடிப்பது எப்படி

நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி இழுவை குறைந்து, திணறி, நின்றுவிடுகிறது. ஓரமாகத் தள்ளி நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து உதைத்தால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்புகிறது. கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் அதே கதை. மதுரை ஒத்தக்கடையில் இருக்கும் என் பட்டறைக்கு இந்தப் புகாரோடு வருகிறவர்கள் பெரும்பாலும் பிளக் மாற்றி, கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, சிலர் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னீஷன் காயில்கூடப் புதிதாகப் போட்டுப் பணத்தை இழந்த பிறகுதான் வருகிறார்கள். அவர்களிடம் நான் முதலில் கேட்பது இதுதான்: "வண்டி நின்றவுடனே டேங்க் மூடியைத் திறந்து பார்த்தீர்களா?"

பார்த்தவர்கள் மிகக் குறைவு. அங்கேதான் சிக்கலே. டேங்கில் காற்றடைப்பு, அதாவது வெளிக்காற்று டேங்குக்குள் வரும் வழி அடைத்துக்கொள்வது, தன் தடயத்தைத் தானே அழித்துவிடும். வண்டி பட்டறைக்கு வந்து சேர்வதற்குள் ஏதோ ஓர் இடுக்கு வழியாகக் காற்று மெல்ல உள்ளே நுழைந்திருக்கும்; நான் உதைத்தால் முதல் உதையிலேயே எஞ்சின் பிடிக்கும். அப்போது என்னால் ஊகிக்கத்தான் முடியும். இதைக் கண்டுபிடிக்கச் சரியான இடம் சாலையோரம். சரியான ஆள் வண்டியை ஓட்டி வந்தவர்.

விஷயம் எளிமையானது. டேங்கிலிருந்து ஒரு லிட்டர் பெட்ரோல் வெளியேறினால் அந்த இடத்தை நிரப்ப ஒரு லிட்டர் காற்று உள்ளே வந்தாக வேண்டும். எண்ணெய் டின்னில் ஒரு பக்கம் மட்டும் துளை போட்டால் எண்ணெய் கொடகொடவென்று திக்கித் திக்கி விழும். எதிர்ப்பக்கம் இன்னொரு துளை போட்டதும் ஒரே சீராக இறங்கும். டேங்கின் இரண்டாவது துளைதான் அதன் காற்றுவழி. மூடியில் ஊசி நுழையும் அளவு துளையாகவோ, டேங்கிலிருந்து கீழே இறங்கும் மெல்லிய ரப்பர் குழாயாகவோ அது இருக்கும். அது அடைத்துக்கொண்டால் பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே அழுத்தம் குறைகிறது. ஒரு கட்டத்தில் பெட்ரோலை டேங்க் பிடித்துவைத்துக்கொள்கிறது.

கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் தன் எடையால்தான் கீழே இறங்குகிறது. டேங்குக்கும் கார்புரேட்டருக்கும் இடையே ஓரடி உயரம் இருந்தால் அந்த இறக்கத்தால் கிடைக்கும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் இரண்டு சதவீதம் மட்டுமே. ஆகவே டேங்கினுள் அந்த அளவு அழுத்தம் குறைந்தாலே போதும், பெட்ரோல் நின்றுவிடும். இதிலிருந்து கண்டுபிடிப்புக்கு உதவும் ஒரு பெரிய குறிப்பு கிடைக்கிறது. டேங்க் நிறைய பெட்ரோல் இருக்கும்போது மேலே காற்று இருக்கும் இடம் சிறியது. கொஞ்சம் பெட்ரோல் இறங்கினாலே அங்கே அழுத்தம் சட்டென்று குறைந்துவிடும். ஆகவே முழு டேங்கில் இரண்டு மூன்று கிலோமீட்டரிலேயே நிற்கும் வண்டி, பாதி டேங்கில் பத்து கிலோமீட்டருக்கு மேலும் ஓடும். ரிசர்வுக்கு வந்துவிட்டால் குறையே தெரியாமலும் போகலாம். "பெட்ரோல் நிறையப் போட்டால்தான் தகராறு செய்கிறது, பங்க்கில்தான் ஏதோ கலப்படம்" என்று சொல்லி வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கலப்படம் என்று முடிவுகட்டும் முன் மூடியைப் பாருங்கள்.

நேரமும் வெயிலும் இதில் விளையாடும். மதுரையின் மே மாத நண்பகலில் டேங்க் தொட முடியாதபடி கொதிக்கும்; பெட்ரோல் ஆவியாகி உள்ளே அழுத்தத்தைக் கூட்டும். காற்றுவழி அடைத்திருந்தாலும் அந்த ஆவி குறையை மறைத்துவிடும். பொழுது சாய்ந்து டேங்க் ஆறும்போதோ, கோடை மழை திடீரென்று டேங்கின் மேல் கொட்டும்போதோ ஆவி சுருங்குகிறது, அடைப்பு வெளிப்படுகிறது. உயர் நீதிமன்றக் கிளைக்கு வருகிறவர்கள் நாள் முழுவதும் வெயிலில் வண்டியை நிறுத்திவிட்டு மாலையில் மேலூர்ச் சாலையில் திரும்பும்போது நின்றுபோகிறது என்றால் எனக்கு முதலில் தோன்றுவது இதுதான். மழையில் நிற்கிற வண்டி எல்லாம் பிளக்கில் தண்ணீர் ஏறி நிற்பதில்லை.

நின்றவுடன் செய்ய வேண்டியது

வண்டி திணறத் தொடங்கியதும் ஓரத்துக்குக் கொண்டுவந்து சாவியை அணையுங்கள். பீடி, சிகரெட் புகைப்பவர் யாரும் பக்கத்தில் இருக்கக்கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே கலைந்து போகாமல் தரையோடு பரவும். எஞ்சினும் சைலன்சரும் சூடாக இருக்கும் என்பதையும் மறக்காதீர்கள். மூடியின் மேல் ஒரு துணியைப் போட்டு, முகத்தை விலக்கிக்கொண்டு, மெதுவாகத் திறவுங்கள். காத்திருக்க வேண்டாம். பத்து நிமிடம் ஆறவிட்டால் காற்றடைப்பும் தெளிந்துவிடும், சூட்டில் செயலிழந்த காயிலும் ஆறி வேலை செய்யும். இரண்டையும் பிரித்துச் சொல்லவே முடியாது.

திறக்கும்போது "உஸ்" என்று சத்தம் கேட்கிறதா? கேட்டால் காற்று உள்ளே போகிறதா வெளியே வருகிறதா என்று கவனியுங்கள். வெளியே வந்தால் பெட்ரோல் நாற்றம் முகத்தில் அடிக்கும். உள்ளே போனால் நாற்றம் குறைவு. மூடி விளிம்பில் ஒரு மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்தால் உள்ளே இழுக்கும். டேங்க் தகடு "டொக்" என்று ஒலியெழுப்பி நிமிர்வதும் உண்டு. உடனே மூடியைத் திறந்தபடியே கார்புரேட்டர் நிரம்ப அரை நிமிடம் விட்டு, பிறகு மூடியைப் பூட்டி உதையுங்கள். கிளம்பினால் பெட்ரோல் இறங்காததுதான் காரணம், காற்றுவழிதான் குற்றவாளி என்று ஏறக்குறைய உறுதி. உஸ் சத்தமும் இல்லை, திறந்தும் கிளம்பவில்லை, எஞ்சின் ஆறிய பிறகே கிளம்புகிறது என்றால் மின்பக்கம் பார்க்க வேண்டும்: பிளக்கைக் கழற்றிப் பொறி வருகிறதா என்று அந்த இடத்திலேயே பாருங்கள். அதற்கு முன் டேங்க் மூடியைப் பூட்டிவிடுங்கள். திறந்த பெட்ரோலுக்குப் பக்கத்தில் பொறி பார்ப்பது உயிரோடு விளையாடுவது.

சத்தம் லேசாக ஒருமுறை வந்ததாலேயே குறை என்று முடிவு செய்துவிடாதீர்கள். வெயிலில் நின்ற வண்டியைத் திறந்தால் வெளிப்பக்கமாகச் சிறிது ஆவி வருவது இயல்பு. ஓடி நின்றதும் உள்ளிழுக்கும் சத்தம், திறந்ததும் உயிர் வருவது, இந்த இரண்டும் சேர்ந்து வந்தால்தான் அது சாட்சி.

பட்டறையில் உறுதிப்படுத்துவது

சாலையில் பார்க்க முடியாமல் போனவர்களுக்கு நான் செய்யும் சோதனை இது. டேங்கை முக்கால் அளவுக்கு மேல் நிரப்பி, மூடியை நன்றாகப் பூட்டி, கார்புரேட்டருக்குப் போகும் டியூபைக் கழற்றி ஒரு கேனில் விட்டு, டேங்குக்கு அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் குழாயான ஃபியூல் காக்கைத் திறக்கிறேன். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும்; திறந்த வெளியில் செய்ய வேண்டும். முதலில் நல்ல தாரையாக இறங்கும். அடைப்பு இருந்தால் தாரை மெலிந்து, நூலாகி, சொட்டாகும். சில சமயம் டியூப் வழியாகவே ஒரு காற்றுக்குமிழி மேலேறி "குளுக்" என்று டேங்குக்குள் போகும்; பிறகு கொஞ்சம் இறங்கி மறுபடி நிற்கும். அந்தச் சொட்டு நிலையில் மூடியைத் திறக்கிறேன். தாரை பழையபடி பாய்ந்தால் காற்றுவழி அடைத்திருக்கிறது. மூடியைத் திறந்தும் சொட்டாகவே இருந்தால் காக்கின் வலையிலோ, ஃபில்டரிலோ, டியூபிலோ அடைப்பு. இந்த ஒரு சோதனை கார்புரேட்டரைக் கழற்றும் வேலையைப் பலமுறை மிச்சப்படுத்தியிருக்கிறது.

இதில் ஒரு கவனம் வேண்டும். சில ஸ்கூட்டர்களில் எஞ்சின் இழுக்கும் வெற்றிடத்தால் மட்டுமே திறக்கும் காக் இருக்கும். எஞ்சின் ஓடாதபோது அதில் பெட்ரோல் இறங்காது. அதை அடைப்பு என்று எண்ணிவிடக்கூடாது.

ஃபியூல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் பம்ப் டேங்குக்குள்ளேயே இருந்து அழுத்தித் தள்ளுகிறது. ஆகவே சிறிய அடைப்பை அது சமாளித்துவிடும். குறை தாமதமாகத் தெரியும். பம்பின் ரீங்காரம் மாறி இரைச்சலாகும், வேகம் எடுக்கும்போது இழுவை விழும். லைனில் அழுத்தமானியை இணைத்து ஓடவிட்டால், பெரும்பாலான இருசக்கர வண்டிகளில் 3 பார் அளவில் நிற்க வேண்டிய முள் மெல்ல இறங்கும். மூடியைத் திறந்ததும் ஏறும். ஏறாவிட்டால் பம்ப், ஃபில்டர் பக்கம் போகலாம். விலை கூடிய பம்பை மாற்றும் முன் இந்த ஒரு நிமிடத்தைச் செலவிடச் சொல்லி மெக்கானிக்கை நீங்களே கேட்கலாம்.

எங்கே அடைக்கிறது

முதலில், உங்கள் வண்டியின் டேங்க் எந்த வழியாக மூச்சு விடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பழைய கார்புரேட்டர் வண்டிகளில் பெரும்பாலும் மூடி வழியாகத்தான். வாகனப் புகையைக் கட்டுப்படுத்தும் பி.எஸ். 4 விதிகளுக்குப் பிறகு வந்த பெட்ரோல் இருசக்கர வண்டிகளில் பெட்ரோல் ஆவி வெளியே போகாமல் பிடித்துவைக்கும் கரிக்குடுவை, பட்டறை வழக்கில் கேனிஸ்டர், சேர்ந்துவிட்டது. 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பி.எஸ். 6 வண்டிகளிலும் அது உண்டு. கார்களில் அதற்கு முன்பே வந்துவிட்டது. இவற்றில் காற்று, கேனிஸ்டர் வழியாகச் சுற்றித்தான் டேங்குக்குள் வரும்.

மூடியில் அடைப்பது தூசும் எண்ணெயும் சேர்ந்த கலவை. மேலூர்ப் பக்கம் கல் குவாரி வேலைக்குப் போகிறவர்களின் மூடியைத் திறந்தால் சாம்பல் நிறப் பசை கிடைக்கும். பூட்டு இறுக்கமாக இருக்கிறது என்று சாவித் துளையில் எண்ணெய் விடுவது பலருடைய பழக்கம். அந்த எண்ணெய்தான் தூசைப் பிடித்து, மூடிக்குள் வளைந்து செல்லும் காற்றுவழியை மூடுகிறது. பூட்டுக்கு உலர்ந்த கிராஃபைட் தூள் போதும். மூடியைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, மென்மையான தூரிகையால் தேய்த்து, குறைந்த அழுத்தக் காற்றில் உலர்த்துங்கள். பிறகு உட்பக்கத்தில் சோப்பு நுரையைத் தடவி, மேல்பக்கத் துளையில் சைக்கிள் பம்பால் மெல்லக் காற்றடியுங்கள். நுரை குமிழியிட்டால் வழி திறந்திருக்கிறது.

ரெக்ஸின் டேங்க் கவரும் இதே வேலையைச் செய்யும். மூடிக்கு மேல் மடிப்பாக வரும் பட்டை, மழையில் நனைந்து ஒட்டிக்கொண்டால் துளையை மூடிவிடும். கவரைக் கழற்றிவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பார்ப்பது செலவில்லாத சோதனை.

ரப்பர் குழாய் வழியாக மூச்சு விடும் வண்டிகளில் எனக்கு அதிகம் அகப்படுவது மண்குளவிக் கூடு. நாலைந்து நாள் நிழலில் நின்ற வண்டியின் குழாய் முனைக்குள் மண்ணை உருட்டிவந்து அடைத்துவிடும். அடுத்தது நசுங்கல். டேங்கைக் கழற்றி மாட்டியபோது குழாய் டேங்குக்கும் சட்டத்துக்கும் நடுவே சிக்கி மடிந்துபோயிருக்கும். சர்வீஸ் முடிந்த மறுநாளே குறை தொடங்கியது என்றால் வேறெதையும் பார்க்காமல் குழாய் போகும் தடத்தைப் பாருங்கள். பல வண்டிகளில் டேங்குக்கு அடியில் இரண்டு குழாய்கள் தொங்கும்: ஒன்று காற்றுக்கு, இன்னொன்று மூடியைச் சுற்றியுள்ள பள்ளத்தில் தேங்கும் மழைநீர் வடிய. இரண்டாவது அடைத்தால் ஐப்பசி மழையில் மூடியைச் சுற்றித் தண்ணீர் நின்று, காற்றுத் துளை வழியாக டேங்குக்குள் இறங்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் தண்ணீரை ஈர்க்கும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் அடியில் பிரிந்து தங்கும், எஞ்சின் அதைத்தான் முதலில் குடிக்கும். இரண்டு குழாய்களையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது, மழைக்காலத்துக்கு முன், கழற்றி ஊதிவிடுங்கள்.

கேனிஸ்டரில் பொதுவாக மூன்று இணைப்புகள்: டேங்கிலிருந்து வருவது, எஞ்சினுக்குப் போவது, வெளிக்காற்றுக்குத் திறந்திருப்பது. வாட்டர் சர்வீஸில் அழுத்தமான தண்ணீர் அடிக்கும்போது வெளிக்காற்று முனையில் சேறு ஏறுகிறது. பங்க்கில் "வழிய வழிய" நிரப்பச் சொல்பவர்களின் கேனிஸ்டர் பெட்ரோலில் ஊறிவிடுகிறது. கழற்றிக் குலுக்கினால் உள்ளே பெட்ரோல் சலசலத்தாலோ, குழாயைச் சாய்த்தால் பெட்ரோலாகவே வழிந்தாலோ அதை மாற்றத்தான் வேண்டும். உள்ளே ஊறிப்போன கரியைப் பட்டறையில் மீட்க முடியாது.

டிராக்டரில் இதே குறை

டீசல் வண்டிகளுக்கும் காற்றுவழி வேண்டும். அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு விவசாயியின் டிராக்டர், தொளியில் அரை மணி நேரம் ஓடி நிற்கும். டீசல் லைனில் புகுந்த காற்றை வெளியேற்றினால் மறுபடி ஓடும். ஃபில்டரும் ஃபீட் பம்பும் மாற்றியாகிவிட்டது. "டீசல் லைனில் எங்கோ காற்று பிடிக்கிறது, அண்ணே" என்றார். நின்ற வண்டியின் டேங்க் மூடியைத் திருகி எடுத்தேன். அடியில் உரச் சாக்கின் உள்ளுறைப் பாலிதீன் துண்டு ஒன்று இருந்தது. மூடியின் ரப்பர் வளையம் போனதால் டீசல் தளும்பாமல் இருக்க அவரே வைத்தது. அந்தத் துண்டு சுருக்கமே இல்லாமல், கழுத்துக்குள் மூன்று விரல் ஆழம் குழிந்து, இழுத்துப் பிடித்தபடி விறைத்து நின்றது. ஓரத்தை நகத்தால் தூக்கியதும் "சொய்ங்" என்று காற்று உள்ளே பாய்ந்து, பாலிதீன் தளர்ந்து சுருங்கியது. மூடித் துளையை மூடியது அதுதான். ரப்பர் வளையம் ஒன்று வாங்கிப் போட்டதோடு டிராக்டர் வேலையை முடித்துவிட்டுத்தான் கரையேறியது. வளையம் கிடைக்காத நாட்களில் இப்படிச் செய்யும் வழக்கம் ஊருக்கு ஊர் இருக்கிறது. பாலிதீனை எடுத்து எறிந்துவிடுங்கள்.

வெளியே வரமுடியாத காற்று

அடைப்பின் மறுபக்கம் இது. உள்ளே பெருகும் ஆவிக்கு வழி இல்லாவிட்டால், வெயிலில் நிறுத்திய கார்புரேட்டர் வண்டியில் ஓவர்ஃப்ளோ குழாய் வழியாகப் பெட்ரோல் ஒழுகலாம். நிழலுக்கு வந்தால் நின்றுவிடும். கார்புரேட்டர் நிரம்பியதும் பெட்ரோலை நிறுத்தும் மிதவை ஊசி தேய்ந்தாலும் ஒழுகும். மூடியைத் திறந்ததும் ஒழுகல் நின்றால் அழுத்தம், நிற்காவிட்டால் ஊசி. 10 லிட்டர் பெட்ரோல் 20 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 200 மில்லி பெருகும். நிலத்தடித் தொட்டியிலிருந்து குளிர்ச்சியாக வரும் பெட்ரோலைக் கழுத்துவரை நிரப்பி மாட்டுத்தாவணியில் வெயிலில் நிறுத்திவிட்டுப் பஸ் ஏறினால் அந்த 200 மில்லி எங்கே போகும்? கழுத்தின் அடி விளிம்போடு நிறுத்துங்கள்.

காரில் பார்க்க வேண்டியவை

காரில் அடையாளங்கள் வேறு. பெட்ரோல் போடும்போது பங்க் குழாயின் துப்பாக்கி அடிக்கடி "டக்" என்று தானாக நின்றால், டேங்கிலிருந்து காற்று வெளியேற வழியில்லை. பெட்ரோல் கழுத்தில் தேங்கித் துப்பாக்கி முனையின் சிறு துளையை மூடுகிறது. வேறு பங்க்கிலும், மெதுவாக விட்டாலும் அப்படியே செய்தால் கேனிஸ்டரின் வெளிக்காற்று வழியைப் பாருங்கள். எலி கடித்த குழாயும் பார்வையில் படட்டும்.

பெட்ரோல் போட்டு முடித்தவுடன் ஸ்டார்ட் ஆகத் திணறி, ஆக்சிலரேட்டரை மிதித்தால்தான் பிடிக்கிறது, கொஞ்ச நேரம் ஐடிலிங் தடுமாறுகிறது என்றால், கேனிஸ்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே உள்ள பர்ஜ் வால்வு திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கலாம். மின்சாரம் இல்லாதபோது அது மூடியிருக்க வேண்டும். கழற்றிச் சுத்தமான குழாய் வைத்துக் கைப்பம்பால் காற்றடித்துப் பாருங்கள்; காற்று போனால் வால்வு கெட்டுவிட்டது. 12 வோல்ட் கொடுத்தால் "டிக்" என்று திறந்து காற்றை விட வேண்டும். மின்சோதனையை பெட்ரோல் ஆவி இல்லாத இடத்துக்குக் கொண்டுபோய்ச் செய்யுங்கள். காரின் கோளாறு எண்களைப் படிக்கும் ஸ்கேனரில் பி0441, பி0443, பி0446 போன்ற எண்கள் வந்தால் இந்தப் பக்கம் தேடலாம். ஆனால் எஞ்சின் விளக்கு எரியவில்லை என்பதை நம்பிக் காற்றுவழியைப் பார்க்காமல் விடக்கூடாது. குளவி அடைத்த குழாயை எல்லாக் கார்களும் உணர்ந்து சொல்வதில்லை.

செய்யவே கூடாதவை

மூடியில் ஆணியால் துளை போடுவதை நான் அறவே எதிர்க்கிறேன். வண்டி சாய்ந்தால் பெட்ரோல் சிந்தாமல் தடுக்கும் சிறு வால்வு பல மூடிகளில் இருக்கிறது. ஆணி அதையும் சேர்த்துக் கெடுக்கிறது. விழுந்த வண்டியில் சூடான சைலன்சர் மேல் பெட்ரோல் வழிவதை ஒருமுறை பார்த்தவர் அந்த ஆணியைத் தொட மாட்டார். கேனிஸ்டரைக் கழற்றி எறிந்துவிட்டுக் குழாயை முடிச்சுப் போடுவது இன்னொரு கொடுமை. காற்று வரும் ஒரே வழியை முடிச்சுப் போட்டால் குறையை விலை கொடுத்து வாங்கியது ஆகும். டேங்கோடு இணைந்திருக்கும் குழாயில் கம்ப்ரசர் காற்றை அடிக்காதீர்கள், டேங்க் உப்பிவிடும். இரண்டு முனையையும் கழற்றிய பிறகே ஊதுங்கள். வாயால் பெட்ரோலை உறிஞ்சாதீர்கள். வழியில் நின்ற வண்டியை வீடு சேர்க்க மூடியைப் பாதி திறந்தபடி ஓட்டவும் வேண்டாம்; சில கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி, திறந்து மூடி, ஓட்டிவாருங்கள்.

சரிசெய்த பிறகு நான் வண்டியை உடனே கொடுத்து அனுப்புவதில்லை. டேங்கைக் கழுத்தின் அடி விளிம்புவரை நிரப்பச் சொல்கிறேன்; காரணம் மேலே சொன்னதுதான், முழு டேங்கில்தான் அடைப்பு ஒளிய முடியாது. வெயில் தாழ்ந்த பிறகு மேலூர் வரை நிறுத்தாமல் ஓட்டிப்போய், எஞ்சினை அணைத்த உடனே மூடியைத் திறக்க வேண்டும். காகிதத் துண்டு அசையாமல் இருந்தால் சாவியை உரியவரிடம் கொடுக்கலாம். உள்ளே இழுத்தால் அடைப்பு இன்னும் ஓரிடத்தில் மிச்சமிருக்கிறது. மூடியைச் சுத்தம் செய்திருந்தால் அடுத்தது குழாய், குழாயும் சரியென்றால் கேனிஸ்டரின் வெளிக்காற்று முனை.